ரீமேப் செய்யப் போகிறீர்களா? டைனோ ஷீட்டை முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள்

கோவையில் ஒரு ட்யூனிங் கடையில் என் போலோ ஜிடி டிஎஸ்ஐ காருக்கு ஸ்டேஜ் 1 ரீமேப் போட்டேன். பாகம் எதையும் மாற்றாமல், இன்ஜினை இயக்கும் சாஃப்ட்வேர் அமைப்பை (மேப்) மட்டும் மாற்றிப் பவர் கூட்டுகிற வேலை. 32,000 ரூபாய். செட்டிபாளையம் ரேஸ் டிராக்கில் ஓடும் வண்டிகளுக்கெல்லாம் நாங்கள்தான் மேப் எழுதுகிறோம் என்று ஏகப்பட்ட பில்டப். கடை பெயர் வேண்டாம், அவர்கள் செய்த வேலையைச் சொல்கிறேன்.

டர்போ வண்டியில் இன்ஜினைப் பிரிக்காமலே பவர் கூட்டலாம். டர்போ எவ்வளவு காற்றை அழுத்தித் தள்ள வேண்டும் என்பதை இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இ.சி.யூ.தான் முடிவு செய்கிறது. அதில் உள்ள ஃபைலை மாற்றினால் போதும். ஏமாற்றுவதற்கும் இதுதான் வசதி. கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒரு நட்டுகூடக் கழற்றியிருக்க மாட்டார்கள்.

டைனோவில், அதாவது உருளைகள் மேல் வண்டியை ஓட்டிப் பவரை அளக்கும் கருவியில், வண்டி ஓடுவதைப் பார்க்கணும் என்றேன். "உள்ள ரொம்பச் சூடுங்கண்ணா, ஒரு டீ சாப்பிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். வந்ததும் கையில் வழவழப்பான கலர் ஷீட். கம்பெனி கொடுத்த 105 பி.எஸ். (குதிரைத்திறன்) இப்போது 138 ஆகிவிட்டதாம்.

முதல் வாரம் பிக்கப் பிரமாதம். அப்புறம் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது, ஆக்ஸிலரேட்டரை அழுத்த அழுத்த வண்டி திணறியது. டேஷ்போர்டில் ஒரு விளக்கும் எரியவில்லை. சர்வீஸ் சென்டரில் ஸ்கேன் செய்தார்கள், பிழை எதுவும் இல்லை என்றார்கள். கடைக்காரரைக் கேட்டால், "உங்க பெட்ரோல் சரியில்லீங்கண்ணா, 97 ஆக்டேன் போட்டுப் பாருங்க." அந்த உயர்ரகப் பெட்ரோலையும் போட்டேன், அதே கதைதான். அடுத்த முறை கேட்டபோது, ஸ்டேஜ் 2 போட்டால் சரியாகிவிடும் என்றார். துணிச்சல்தான்!

வேறொரு ட்யூனரிடம் போய் ஃபைலை வெளியே எடுத்து, ஒரிஜினலோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றழுத்தம்) அட்டவணையை மட்டும் ஒட்டுமொத்தமாகத் தூக்கியிருந்தார்கள். இக்னிஷன் டைமிங் (ஸ்பார்க் பிளக் தீப்பொறி விடும் நேரம்), எரிபொருள் அளவு எதையும் தொடவில்லை. பூஸ்ட் ஏறினால் காற்று சூடாகும், நாக்கிங் வரும், அதாவது சிலிண்டருக்குள் எரிபொருள் நேரம் தவறித் தானாக வெடிக்கும். நாக் சென்சார் அதை உணர்ந்ததும் இ.சி.யூ. டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும், தீப்பொறியைத் தாமதப்படுத்தும். கூட்டிய பவர் அத்தனையும் அதிலேயே போய்விடும். ஓட்டிக்கொண்டே இ.சி.யூ. அளவுகளைப் பதிவு செய்து (லாக்) பார்த்தபோது நான்கு சிலிண்டரிலும் அப்படித்தான் இழுத்துக்கொண்டிருந்தது. இதைவிட மோசம், பூஸ்ட் அளவு மீறினால் எச்சரிக்கிற பி0234 குறியீட்டையே அணைத்து வைத்திருந்தார்கள். ஸ்கேனில் எதுவும் வராததற்குக் காரணம் அதுதான். இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தால் பிஸ்டன் போயிருக்கும் என்றார்.

அந்த ஷீட்டையும் அவரிடம் காட்டினேன். பார்த்துவிட்டுச் சிரித்தார். 5,000 ஆர்.பி.எம்.மில் (நிமிடத்துக்கு 5,000 சுற்று) 138 பி.எஸ்., அதே இடத்தில் 230 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்குவிசை) என்று இரண்டு கோடுகள். டார்க்கை ஆர்.பி.எம்.மால் பெருக்கி 7,024-ஆல் வகுத்தால் பி.எஸ். வரவேண்டும். 230 டார்க் உண்மையென்றால் பவர் 164-க்குப் பக்கம் இருக்கணும். 138 உண்மையென்றால் டார்க் 194-ஐத் தாண்டாது. இரண்டும் ஒரே ஓட்டத்தில் வர வாய்ப்பே இல்லை. கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வரைந்த படம் அது. உங்களிடமும் ஷீட் இருந்தால் ஃபோனில் கால்குலேட்டரைத் திறங்கள்.

ஒரிஜினல் ஃபைலைக் கேட்டால் "சர்வர்ல இருக்குங்க" என்பதோடு சரி, இன்றுவரை வரவில்லை. இரண்டாவது ட்யூனர்தான் என் வண்டியின் சாஃப்ட்வேர் எண்ணுக்குப் பொருந்தும் ஃபைலைத் தேடி ஏற்றிக் கொடுத்தார். அதற்குத் தனிச் செலவு.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று பில்லை எடுத்தால், அதில் "ஜெனரல் சர்வீஸ்" என்று மட்டும்தான் எழுதியிருக்கிறது. ரீமேப் என்ற சொல்லே இல்லை. பணம் அனுப்பிய ரசீதும் வாட்ஸ்அப் பேச்சும் இருப்பதால் அவற்றை வைத்துப் புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் எங்கே போட்டாலும் என்ன ஸ்டேஜ், எந்த ஆக்டேன் பெட்ரோலுக்கான மேப் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். ஒரிஜினல் ஃபைலை பென்டிரைவில் வாங்கிக்கொண்டு அப்புறம் பணத்தைக் கொடுங்கள்.