85,000 ரூபாய்க்குக் கட்டம் கட்டமாக ஒரு கல்யாண வீடியோ

போன ஞாயிறு பென் டிரைவ் கைக்கு வந்தது. இன்று வியாழன். இன்னும் வயிறு எரிகிறது, அதோடுதான் எழுதுகிறேன். தங்கச்சி கல்யாண வீடியோவுக்கு மதுரையில் ஒரு ஸ்டுடியோவில் 85,000 ரூபாய் கொடுத்தேன்.

புக்கிங்குக்குப் போனபோது ஏசி அறையில் உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, பெரிய டிவியில் ஒரு சாம்பிள் போட்டுக் காட்டினார்கள். மணப்பெண்ணின் நெற்றி வியர்வை கூடத் தெரிந்தது. "அண்ணே, இது நம்ம வீட்டுக் கல்யாணம், நீங்க கவலையே படாதீங்க" என்றார் அந்தத் தம்பி. அந்த ஒரு வார்த்தையில் விழுந்தேன். பேசியதையெல்லாம் விசிட்டிங் கார்டின் பின்னால் கிறுக்கிக் கொடுத்தார்: 4கே (அதாவது ரொம்பத் துல்லியமான படம்), 3 மணி நேரம். மூன்று மணி நேரம் வேண்டும் என்று அடம்பிடித்தவன் நான்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். அட்வான்ஸ் 40,000, மண்டபத்தில் 30,000. பென் டிரைவ் வந்ததும் போட்டுக்கூடப் பார்க்காமல் மீதி 15,000.

64 ஜிபி பென் டிரைவில் ஒரே ஃபைல், அதுவும் 4 ஜிபிக்குக் கொஞ்சம் குறைவு. பழைய FAT32 முறையில் ஃபார்மேட் செய்த டிரைவில் அதைவிடப் பெரிய ஃபைல் ஏறாதாம். அதற்காக மூன்று மணி நேரத்தையும் அதற்குள் நசுக்கியிருக்கிறார்கள். கணக்குப் போட்டால் ஒரு நொடிப் படத்துக்கு 3 மெகாபிட் டேட்டாதான். யூடியூபே 4கே வீடியோ ஏற்ற 35 முதல் 45 மெகாபிட் கேட்கிறது.

மேடையில் வரிசையாக நின்று கவர் கொடுப்பது மட்டும் 50 நிமிடம். அதில் யாரும் அசையாததால் ஓரளவு தெளிவு. தாலி கட்டும்போது அட்சதை பறந்ததோ இல்லையோ, திரை முழுக்கக் கட்டம் கட்டமாக உடைந்துவிட்டது. ஹோமப் புகைக்குப் பின்னால் எங்கள் அப்பத்தா முகம் நாலைந்து சாம்பல் சதுரம். "நான் எங்கடா?" என்று கேட்டது அப்பத்தா.

போன் செய்தால் முதல் நாள் "உங்க டிவிதாண்ணே பிரச்சனை". அடுத்த நாள் "பெரிய ஃபைலா கொடுத்தா ஓடாதுண்ணே". மூன்றாம் நாள் எடிட்டர் ஊருக்குப் போயிருக்கிறார். சரி, எடுத்ததையாவது அப்படியே கொடுங்கள் என்றால், "மெமரி கார்டையெல்லாம் அழிச்சு அடுத்த கல்யாணத்துக்குப் போட்டாச்சே!" 85,000 ரூபாய், ஐயா!

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. மண்டபத்துக்கே ஒரு ஹார்ட் டிஸ்க் கொண்டுபோய் எடுத்ததை அன்றே காப்பி வாங்குங்கள். நீளத்தைக் குறைக்கச் சொல்லுங்கள், தாலி கட்டுவதை முழுசாக வைக்கச் சொல்லுங்கள். 4 ஜிபிக்கு மேலும் ஏறுகிற exFAT முறையில் ஃபார்மேட் செய்த டிரைவில் கேளுங்கள். வீட்டு டிவியில் அட்சதைக் காட்சியைப் பார்க்காமல் கடைசிப் பணம் கொடுக்காதீர்கள்.

இதை எழுதும்போது அந்தத் தம்பிக்கு மறுபடி போன் அடித்தேன். ரிங் போகிறது, எடுக்கவில்லை. ஸ்டேட்டஸில் மட்டும் இன்று காலை ஒரு புதுக் கல்யாண டீசர் போட்டிருக்கிறார்.