தற்காப்புப் பயிற்சிக்கு எந்தக் காலணி? கொழும்பிலிருந்து ஒரு நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

வெள்ளவத்தையில் மாலை நேரத் தற்காப்பு வகுப்பொன்றுக்குச் சில ஆண்டுகளாகப் போய்வருகிறேன். கராத்தேயை அடிப்படையாக வைத்து, பிடியிலிருந்து விடுபடுதல், தள்ளிவிட்டு ஓடுதல் போன்றவற்றையும் சேர்த்துக் கற்பிக்கும் வகுப்பு அது. புதிதாகச் சேர்பவர்கள், குறிப்பாக வேலை முடிந்து நேரே வரும் பெண்கள், முதலில் கேட்பது எந்தச் சப்பாத்து வாங்க வேண்டும் என்பதைத்தான். கடையில் கேட்டால் விலை கூடிய ஓட்டச் சப்பாத்தொன்றை எடுத்துக் காட்டுவார்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: விரிப்பின் மேல் பயிற்சி செய்ய எதுவும் வேண்டியதில்லை, காசு செலவழிப்பதென்றால், நாள்தோறும் பஸ்ஸில் போட்டுப் போகும் காலணிக்கே அதைச் செலவழிக்க வேண்டும்.

கராத்தே, ஜூடோ, தாய்லாந்தின் முஆய் தாய் ஆகியவை வெறுங்காலுடன் பயிலப்படுபவை. நம்மவர்களின் சிலம்பமும் அப்படியே. முன்னுதை உதைக்கும்போது கால்விரல்களை மேல்நோக்கி இழுத்து முன்பாதத்தால் தாக்கக் கற்றுக்கொடுப்பார்கள். அந்த அசைவு பிடிபடுவதற்கு விரல்கள் சுதந்திரமாக இருக்க வேண்டும். பக்கவாட்டில் சுழற்றி உதைக்கும்போது ஊன்றிய கால் தரையில் திரும்ப வேண்டும். நுரை விரிப்பின் மேல் வெறும் பாதம் தேவையான அளவுக்கு வழுக்கித் திரும்பிக்கொள்கிறது. இங்கு கவனிக்க வேண்டியது சுத்தம் மட்டுமே. ஜூடோவில் விரிப்பை விட்டு இறங்கினால் செருப்புப் போட்டே நடக்க வேண்டும் என்றொரு மரபு உண்டு. எங்கள் வகுப்பிலும் குளியலறைக்குப் போக வாசலில் தனிச் சிலிப்பர்கள் வைத்திருக்கிறார்கள். கொழும்பின் புழுக்கத்தில் சேற்றுப்புண் வெகு விரைவில் பரவும் என்பதால், வகுப்பு முடிந்ததும் காலைக் கழுவி விரலிடுக்குகளைத் துடைத்து உலர்த்துவது எந்தச் சப்பாத்தையும் விடப் பயன் தரும்.

மண்டபம் கிடைக்காத நாட்களில் அடுக்குமாடியின் கீழுள்ள வாகனத் தரிப்பிடத்தில், கொங்கிறீட் தரையில் பயிற்சி நடக்கும். வகுப்பில் பெரும்பாலானோர் அங்கு ஓட்டச் சப்பாத்துடன்தான் வருகிறார்கள். அது நேராக முன்னோக்கி ஓடுவதற்காகச் செய்யப்பட்ட பொருள். பல வகைகளில் குதிப்பகுதி முன்பகுதியை விடச் சுமார் 10 மில்லிமீற்றர் உயர்ந்திருக்கும். அடியில் தடித்த மென்னுரை இருக்கும். பக்கவாட்டில் திடீரென அடியெடுத்து வைக்கும்போது அந்த நுரை ஒரு பக்கமாக அமுங்கிக் கணுக்காலைச் சரித்துவிடப் பார்க்கும். அதைவிடப் பெரிய சிக்கல் பிடிமானம். அடியிலுள்ள இறப்பர் தரையைக் கவ்விக்கொள்ள உடம்பு மட்டும் திரும்பினால், அந்த முறுக்கு முழுவதும் முழங்காலுக்குப் போகும். முழங்கால் தசைநார்களும் உள்ளேயுள்ள குருத்தெலும்பும் காயப்படுவது இத்தகைய திருப்பங்களில்தான். டேக்வாண்டோவுக்கென விற்கும் சப்பாத்துகளின் அடியில், பெருவிரல் மேட்டுக்குக் கீழே வட்டமான ஒரு பகுதி பதிக்கப்பட்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அழகுக்காக வைத்த வட்டமல்ல. அந்த இடத்தை ஊன்றிச் சுழல்வதற்காக வைத்தது.

நான் அதிக காலம் போட்டு உழைத்தது புறக்கோட்டையில் வாங்கிய சாதாரணக் கன்வஸ் சப்பாத்து. தட்டையான இறப்பர் அடி, குதி உயரம் இல்லை, லேஸ் கட்டுவது. வூஷூ என்னும் சீனத் தற்காப்புக் கலையைப் பயில்பவர்களிடையே பெயர்பெற்ற ஷாங்காயின் ஃபெய்யூவே சப்பாத்தும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். 2022இல் டொலரின் பெறுமதி ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறிய பிறகு, இறக்குமதிச் சப்பாத்து வாங்குவதற்கு முன் பலரும் இரண்டு முறை யோசிக்க வேண்டியதாயிற்று; உள்ளூர் இறப்பரில் செய்த கன்வஸ் சப்பாத்து அந்தக் குறையைத் தீர்த்துவைத்தது. இப்போது அதன் வலது அடியைத் திருப்பிப் பார்த்தால், பெருவிரலுக்குக் கீழே ஐந்து ரூபாய் நாணயமளவுக்குக் கோடுகள் முற்றாகத் தேய்ந்து வழவழப்பாகியிருக்கின்றன. சுண்டுவிரல் பக்கம் துணி மடியும் இடத்தில் பசை விட்டு ஒரு வாய் திறந்திருக்கிறது. உலர்ந்த கொங்கிறீட்டில் இதற்கு இணையானதை நான் போட்டதில்லை. ஈரமான மாபிள் தரையில் அவ்வளவாக நம்ப முடியாது. மெல்லிய அடி என்பதால், கடற்கரைக்குப் போகத் தண்டவாளத்தைக் கடக்கும்போது கருங்கற்கள் ஒவ்வொன்றும் உள்ளங்காலில் தெரியும். மல்யுத்த, குத்துச்சண்டைச் சப்பாத்துகளும் தட்டையானவையே. கணுக்காலுக்கு மேல் வரை கட்டக்கூடியவை. அவை அந்த விளையாட்டுகளுக்கு நல்லவை, வீதிக்குப் போட்டுப்போக முடியாதவை.

அந்த வீதிதான் முக்கியம். யாராவது கையைப் பிடித்து இழுக்கும் வேளையில் நம் காலில் இருக்கப்போவது பயிற்சிச் சப்பாத்தல்ல, அலுவலகத்துக்குப் போட்டுப் போனது. ஆகவே மாதத்துக்கொரு முறையாவது அன்றாட உடையுடனும் அன்றாடக் காலணியுடனும் பயிற்சி செய்யும்படி எங்கள் மாஸ்டர் வற்புறுத்துவார். சேலையுடன் வருபவர்களுக்கும் விலக்கு இல்லை. அந்த வகுப்புகளில் தெரிந்துகொண்டவை பல. விரலிடுக்கில் மாட்டும் பாட்டாச் செருப்பு, பின்னோக்கி ஓரடி வைக்கும்போதே கழன்றுவிடும். கழன்ற பிறகு வெறுங்காலுடன் ஓடலாம் என்றாலும், கொழும்பின் காலி வீதியில் உடைந்த போத்தல்களுக்குக் குறைவில்லை. குதி உயர்ந்த சப்பாத்தில் நிற்கும்போது எடை முன்னோக்கிச் சாய்ந்திருப்பதால், மெல்லிய தள்ளலுக்கே நிலை தடுமாறுகிறது. குதிக்குப் பின்னால் வார் உள்ள தட்டைச் செருப்பு, விலை குறைந்ததாயினும், இவ்விரண்டையும் வென்றுவிடுகிறது. தற்காப்பின் முதல் வேலை அங்கிருந்து விலகி ஓடுவது என்பதால், நூறு மீற்றர் ஓடிக் கழலாத காலணியே என் கணிப்பில் தேறியது.

சப்பாத்துடன் உதைப்பது வேறொரு கலை. விரல்களை மேலே இழுக்க இடம் போதாது. மென்மையான கன்வஸ் முனையால் ஓங்கி உதைத்தால் விரல்தான் முதலில் நோகும். ஆதலால் தாழ்வான உதைகளுக்கு மாறுவோம்: எதிராளியின் முழங்காலுக்குக் கீழுள்ள முன் எலும்பைச் சப்பாத்தின் விளிம்பால் உரசி இறக்குதல், புறங்காலைக் குதியால் மிதித்தல். பிரான்சின் சவாத் கலை தொடக்கத்திலிருந்தே சப்பாத்துக் காலுக்கென வளர்ந்தது; அதில் முனை, விளிம்பு, குதி ஆகியவற்றுக்கெல்லாம் வேலை உண்டு. வகுப்பில் சப்பாத்து அணிந்திருக்கும்போது துணையின் உடம்பில் உதைப்பதில்லை, திண்டில் மட்டுமே உதைப்போம். லேஸ் முனைகளையும் உள்ளே செருகிவிட வேண்டும். அதன் பிளாஸ்ரிக் நுனி முகத்தில் பட்டால் கீறும்.

பராமரிப்பைப் பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை. ஈரமான சப்பாத்தில் பழைய பத்திரிகைத் தாளைத் திணித்து மின்விசிறியின் கீழ் வைத்தால் மறுநாளைக்குக் காய்ந்துவிடும். வெயிலில் நெடுநேரம் வைத்தால் பசை இளகும். பொலியூரத்தேன் என்னும் செயற்கைப் பொருளில் செய்த அடியுள்ள சப்பாத்தை நல்ல நாளுக்கென்று எடுத்துவைக்க வேண்டாம். காற்றிலுள்ள ஈரப்பதமே அதைச் சிறுகச் சிறுகச் சிதைத்துவிடும். அலுமாரியில் புதிதுபோல் இருந்த என் அலுவலகச் சப்பாத்தொன்று, எடுத்துப் போட்ட அன்றே பாண் தூள்போல உதிர்ந்தது. கன்வஸ் சப்பாத்தின் இறப்பர் அடிக்கு அந்த வியாதி இல்லை.

வாங்கும்போது மாலையில் போங்கள். நாள் முழுதும் நின்ற கால் சற்று வீங்கியிருப்பதால் அளவு சரியாக அமையும். குதியையும் முனையையும் பிடித்து மடக்கினால் விரல்மூட்டு வரும் இடத்தில் மடிய வேண்டும், நடுவில் மடியக் கூடாது. கடைக்குள்ளேயே ஒரு காலை ஊன்றி மெதுவாகத் திரும்பிப் பார்க்கலாம். முழங்காலில் சிறு இழுப்புத் தெரிந்தாலும் வேறொன்றைக் கேளுங்கள். விற்பனையாளர் விநோதமாகப் பார்ப்பார், பார்க்கட்டும்.