எர்பியம் லேசரால் ரூட் கேனல் கழுவுதல்: டெல்டா கிளினிக்குகளில் தொடர்ந்து பயன்படுத்தியதில் தெரிந்தவை

எர்பியம் யாக் லேசரின் 2940 நானோமீட்டர் ஒளியைத் தண்ணீர் உடனே உறிஞ்சிவிடும். லேசர் முனையில் ஆவிக்குமிழி ஊதி உடையும். அந்த வேகத்தில் கழுவும் திரவம், ஃபைல் (கேனலைச் சுரண்டும் மெல்லிய கருவி) தொடாத இடுக்குகளுக்கும் பாயும். கிருமியைக் கொல்வது ஹைப்போகுளோரைட் என்ற அந்தத் திரவம்தான், லேசர் அதை உள்ளே வேகமாகப் பாய வைக்கிறது, அவ்வளவே.

இப்படி லேசர் துடிப்பால் திரவத்தைப் பாய வைக்கும் பிப்ஸ் (PIPS) முறைக்கு 20 மில்லிஜூல், 15 ஹெர்ட்ஸ், 50 மைக்ரோசெகண்ட் துடிப்பு. ஹேண்ட்பீஸின் (கையில் பிடிக்கும் லேசர் பகுதி) காற்றையும் தண்ணீர் ஸ்ப்ரேயையும் மூடிவிட வேண்டும். முனை கேனலுக்குள் இறங்க வேண்டாம். பல்லின் மேலறையில் திரவத்துக்குள் அசையாமல் நின்றால் போதும். 3% ஹைப்போகுளோரைட்டை உதவியாளர் பக்கத்திலிருந்து விட்டுக்கொண்டே இருக்க, 30 விநாடி இயக்கி 30 விநாடி நிறுத்துவது மூன்று சுற்று. பிறகு டிஸ்டில்ட் வாட்டர், சுரண்டிய தூள் படலத்தைக் கரைக்கும் 17% ஈடிடிஏ, மறுபடி டிஸ்டில்ட் வாட்டர். ஹைப்போகுளோரைட்டை அலசாமல் குளோர்ஹெக்ஸிடின் என்ற இன்னொரு கிருமிநாசினியை விட்டால் செம்பழுப்புக் கசடு படிந்து கேனலை அடைக்கும்.

இங்கே அதிகம் சொதப்புவது மேலறையில்தான். கும்பகோணம், தஞ்சாவூர் பக்கம் பல வருஷம் வெற்றிலை பாக்கு போட்டவர்களின் கடைவாய்ப்பல் தேய்ந்து தட்டையாகியிருக்கும். ஒரு பக்கச் சுவரே இருக்காது. திரவம் தேங்க இடமில்லாமல் தெறித்துப்போகும், முனை காய்ந்துவிடும். காதிலேயே தெரியும்: படபடவென்ற சத்தம் மங்கும். முதலில் காம்போசிட்டால் (பல் நிற அடைப்புப் பொருள்) சுவர் எழுப்பி, ரப்பர் டேம் (பல்லைத் தனித்து வைக்கும் ரப்பர் விரிப்பு) ஓரத்தை அடைத்துவிட்டுத் தொடங்குங்கள். பத்து நிமிஷம் கூடுதலாகும். அதைச் சலித்துக்கொள்பவர் இந்த மெஷினை வாங்காமல் இருக்கலாம்.

பராமரிப்பில், நாகப்பட்டினம் கரையோர உப்புத் தண்ணீரை ஸ்ப்ரே டேங்க்கில் ஊற்றவே கூடாது. ஆட்டோகிளேவிலிருந்து (நீராவியால் கிருமி நீக்கும் கருவி) எடுத்த ஹேண்ட்பீஸ் முழுசாக உலர வேண்டும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் இதற்கு நேரம் பிடிக்கும். உள்கண்ணாடியில் ஈரமோ தூசியோ இருந்தால் அந்த இடம் கருகி, சக்தி குறையும். சித்திரை வெயிலில் ஹைப்போகுளோரைட் வீரியம் இழக்கும். சின்ன பாட்டிலாக வாங்கி, திறந்த தேதி எழுதி, இருட்டான குளிர்ந்த இடத்தில் வையுங்கள்.

நேரான ஒற்றை வேர்ப் பல்லுக்கு அல்ட்ராசானிக் அதிர்வால் கழுவுவதே தாராளம். கடைவாய்ப்பல், சி வடிவக் கேனல், மறுசிகிச்சை ஆகியவற்றில்தான் லேசருக்குக் கொடுத்த காசுக்கு அர்த்தம். வேர்நுனி மூடாத சிறுவர் பல்லில் திரவம் வெளியே தள்ளப்படலாம் என்பதால் நாங்கள் தவிர்க்கிறோம்.

டயோடு லேசருக்கு வாங்கிய பாதுகாப்புக் கண்ணாடி இதற்கு உதவாது. 2940 பொறித்ததுதான் வேண்டும், நோயாளிக்கும் சேர்த்து.