செலவுப் பணம், போனஸ் பாக்கி: தொழிலாளர் இலாகாவா, சிறு கோரிக்கை வழக்கா, சங்கமா?

மலேசியாவின் ஜொகூரில், குளுவாங் வட்டாரத் தோட்டங்களிலும் செம்பனை ஆலைகளிலும், சம்பளத்தை ஏழாம் தேதிக்குள் ஒழுங்காகப் போட்டுவிடும் முதலாளிகூட மற்ற காசை இழுத்தடிப்பதுண்டு. கைக்காசு போட்டு அடித்த டீசல், கட்டிய டோல், லோரிக்கு அவசரத்தில் வாங்கிய சாமான், ஆண்டிறுதியில் தருவதாகச் சொன்ன போனஸ் எல்லாம் இதில் அடங்கும். கேட்டு வாங்க மூன்று வழி இருந்தாலும் பெரும்பாலோருக்குத் தொழிலாளர் இலாகாதான் சரியான முதல் படி.

அங்கே கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டியதில்லை. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் 'சம்பளம்' என்பதற்குத் தரும் விளக்கத்தில் ஆண்டு போனஸும் பயணப்படியும் சேராது. இதைச் சொல்லியே தோட்ட ஆபீஸில் ஆளைத் திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். நம்பிவிடாதீர்கள். அதே சட்டத்தின் 69ஆவது பிரிவு, வேலை ஒப்பந்தப்படி சேர வேண்டிய மற்ற ரொக்கத்தையும் விசாரிக்க இலாகாவுக்கு அதிகாரம் தருகிறது. முதலில் முதலாளியைக் கூப்பிட்டுப் பேசுவார்கள். மசியாவிட்டால் இரு தரப்புக்கும் சம்மன் போய், சாட்சி விசாரித்து உத்தரவு வரும். அதில் குறை கண்டவர் 14 நாளுக்குள் உயர்நீதிமன்றம் போகலாம்.

போனஸ் கேஸ் நிற்பதும் விழுவதும் வேலைக் கடிதத்தின் ஒரு வரியில்தான். 'ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம் போனஸ்' என்று இருந்தால் அது கடன் மாதிரி, கொடுத்தே ஆக வேண்டும். 'நிர்வாகத்தின் விருப்பப்படி' என்று இருந்தால், பல ஆண்டு தொடர்ந்து கொடுத்திருந்தாலும் வாதாடுவது கஷ்டம்.

செலவுப் பணத்தில் சறுக்கும் இடம் வேறு. ரசீது இருக்கும், ஆனால் யார் செலவு செய்யச் சொன்னது என்பதற்கு ஆதாரம் இருக்காது. ஒவ்வொரு வரியிலும் தேதி, வண்டி எண், எங்கிருந்து எங்கே, தொகை, சொன்னவர் பெயர் இருக்கட்டும். 'பாசிர் கூடாங் லோடு, டீசல் 120 ரிங்கிட், மேனேஜர் வாட்ஸ்அப்பில் சொன்னது' என்று எழுதி, அந்த வாட்ஸ்அப் செய்தியையும் படமெடுத்து இணையுங்கள். பெட்ரோல் நிலைய ரசீதில் எழுத்து சில மாதத்தில் மங்கிவிடும். வாங்கிய அன்றே படம் பிடித்துவிடுவது நல்லது.

காண்டிராக்டரிடம் வேலை செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அவர் ஓடிவிட்டால் வேலையைக் கொடுத்த தோட்ட நிர்வாகத்தைப் பிடிக்கலாம். ஆனால் அது சம்பளத்துக்கு மட்டும்தான், அதுவும் தொடர்ச்சியான மூன்று மாதத்துக்கு மேல் போகாது. சம்பளம் சேர வேண்டிய நாளிலிருந்து 90 நாளுக்குள் நடவடிக்கை எடுத்திருக்க வேண்டும். போனஸையும் டீசல் காசையும் காண்டிராக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

'நீ எங்கள் தொழிலாளியே இல்லை, தனி ஆள்' என்று முதலாளி வாதாடினால் மேஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை வழக்கு கைகொடுக்கும். அங்கே தொழிலாளி என்று நிரூபிக்கத் தேவையில்லை, பணம் பாக்கி என்று காட்டினால் போதும். உச்சவரம்பு 5,000 ரிங்கிட். பாரம் 198 என்ற படிவத்தை மலாயில் நிரப்பித் தாக்கல் செய்ய வேண்டும். பொதுவாக வக்கீல் வந்து வாதாட முடியாது. பலவீனம் தீர்ப்புக்குப் பிறகுதான்: முதலாளி கட்டாவிட்டால் ஜப்திக்கு நீங்களே மீண்டும் மனுப்போட்டு அலைய வேண்டும். 2023 ஜனவரி முதல், எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் வேலை நேரத்தையும் வேலை செய்யும் முறையையும் முதலாளியே கட்டுப்படுத்தினால் தொழிலாளி என்றே சட்டம் அனுமானிக்கிறது. அதனால் இந்த நிலையிலும் முதலில் இலாகாவைக் கேட்டுப் பார்ப்பதே மேல்.

சங்கம் எப்போது? சங்கமும் முதலாளியும் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தத்தில் போனஸ் எழுதப்பட்டு, பலருக்கும் சேர்ந்தே வராதபோது. தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் போன்ற சங்கம், ஒப்பந்தத்தை மீறியதாகத் தொழில் நீதிமன்றத்தில் புகார் செய்யலாம். தனி ஆளின் டோல் ரசீதுக்கு இது சுற்றுவழி.

எந்த வழியானாலும் பணம் சேர வேண்டிய நாளிலிருந்து 6 ஆண்டு தாண்ட விடாதீர்கள். காசு கேட்டதற்காக வேலையை விட்டே நீக்கினால் அது தனி விவகாரம்: நீக்கிய நாளிலிருந்து 60 நாளுக்குள், தொழிலாளர் இலாகாவில் அல்ல, தொழில் உறவு இலாகாவில் மனுக் கொடுக்க வேண்டும்.