கர்ப்பிணிகளுக்கு விற்கப்படும் ‘தாய் சேய் பாலிசி’: படிவத்தைப் படிக்காமல் கையெழுத்திட வேண்டாம்

கர்ப்பமாக இருக்கும் பெண்ணின் பெயரில் ஆயுள் காப்பீடு எடுத்துத் தருவதாகச் சொல்லி வீடு தேடி வரும் முகவரிடம், முன்மொழிவுப் படிவத்தை (காப்பீடு கேட்டு நாம் கொடுக்கும் விண்ணப்பத்தை) அவர் முழுமையாக நிரப்பிக் காட்டும் வரை கையெழுத்தும் பணமும் கொடுத்துவிடாதீர்கள். மதுரையில் என் தங்கைக்கு நேர்ந்ததைப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். புகார் விசாரணையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

தங்கைக்கு ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. உறவினர் ஒருவர் அனுப்பிவைத்த அந்த முகவர், இது தாய்க்கும் சேய்க்குமான தனித் திட்டம் என்றும், பிரசவச் செலவு முழுவதும் திரும்பக் கிடைக்கும் என்றும், குழந்தைக்குப் பிறந்த அன்றே காப்பீடு தொடங்கிவிடும் என்றும் சொல்லி, நிரப்பாத படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, முதலாண்டு பிரீமியமாக 48,000 ரூபாயும் பெற்றுச் சென்றார். சிசேரியன் முடிந்து மருத்துவமனை ரசீதுகளுடன் அழைத்தபோது, “ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேன் சிஸ்டர்” என்றவர் அதன்பின் போனை எடுக்கவில்லை.

கிளை அலுவலகத்தில் கேட்டு வாங்கிய பாலிசிப் பத்திரம், அது 20 ஆண்டு கால சாதாரண எண்டோமென்ட் பாலிசி, அதாவது சேமிப்போடு கூடிய ஆயுள் காப்பீடு, என்பதைக் காட்டியது. பிரசவச் செலவைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. அந்தச் செலவை ஏற்பது மருத்துவக் காப்பீடு; தனிநபராக எடுக்கும்போது அதிலும் மகப்பேற்றுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு என்பதால், கருவுற்ற பிறகு எடுத்து அதே பிரசவத்துக்குப் பணம் கேட்க முடியாது. (அலுவலகங்கள் ஊழியர்களுக்கு எடுத்துத் தரும் குழுக் காப்பீட்டின் கணக்கு வேறு.)

ஆனால் என்னை உண்மையில் அதிரவைத்தது, பத்திரத்தோடு இணைத்திருந்த முன்மொழிவுப் படிவத்தின் நகல்தான். பெண்களுக்கான பகுதியில் ‘தற்போது கர்ப்பமாக இருக்கிறீர்களா?’ என்ற கேள்விக்கு நேரே, முகவரின் கையெழுத்தில் ‘இல்லை’ என்று எழுதப்பட்டிருந்தது. கைப்பேசி எண்ணும் மின்னஞ்சல் முகவரியும் தங்கையுடையவை அல்ல. விவரங்களைச் சரிபார்க்க நிறுவனம் அந்த எண்ணுக்கே அழைத்திருக்கிறது. யாரோ ஒரு பெண் எல்லாவற்றுக்கும் ‘ஆமாம்’ சொல்லியிருக்கிறார்.

‘ஆம்’ என்று எழுதியிருந்தால், அதுவும் இவ்வளவு மாதம் கடந்த நிலையில், பிரசவம் முடிந்து சில மாதங்கள் ஆகட்டும் என்று நிறுவனம் தள்ளிவைத்திருக்கக்கூடும்; முகவருக்குக் கமிஷனும் தள்ளிப்போயிருக்கும். காப்பீட்டுச் சட்டம் 1938இன் 45ஆவது பிரிவின்படி, பாலிசி வழங்கப்பட்ட 3 ஆண்டுகளுக்குள் முக்கியமான தகவல் மறைக்கப்பட்டது தெரியவந்தால் நிறுவனம் இழப்பீட்டை மறுக்கலாம். எழுதவே கை கூசுகிறது என்றாலும் சொல்லியாக வேண்டும்: பிரசவத்தின்போது தங்கைக்கு ஏதேனும் நேர்ந்திருந்தால், அந்த ஒற்றைச் சொல்லைக் காட்டியே மாப்பிள்ளையை வெறுங்கையோடு அனுப்பியிருப்பார்கள்.

பாலிசிப் பத்திரம் கைக்கு வந்த 30 நாட்களுக்குள், பிடிக்கவில்லையென்றால் சிறு பிடித்தம் போகப் பணத்தைத் திரும்பப் பெறலாம் என்பது விதி. பத்திரம் மின்னஞ்சலில் முன்பே அனுப்பப்பட்டுவிட்டதால் அந்தக் கெடு முடிந்துவிட்டது என்றும், கையெழுத்து இருப்பதால் படிவத்தில் உள்ளவற்றுக்கு முன்மொழிபவரே பொறுப்பு என்றும் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரி பதில் அனுப்பினார். காப்பீட்டு நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா புகார் தளத்தில் பதிந்த புகாருக்கும் அதே பதில்தான். (அங்கே 155255 என்ற எண்ணில் பேசியும் புகார் செய்யலாம்.) எனவே சென்னையிலுள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளரிடம்) சென்றிருக்கிறோம். நிறுவனம் மறுத்தாலோ, ஒரு மாதத்துக்குள் பதில் தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் அங்கே முறையிடலாம். கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

கர்ப்ப காலத்திலேயே காப்பீடு தேவைப்பட்டால், எத்தனையாவது மாதம் என்பதை உள்ளபடி எழுதிக் கேளுங்கள், தள்ளிவைத்தால் காத்திருங்கள். வங்கிக் கணக்கு வைத்திருக்கும் 18 முதல் 50 வயது வரையிலானவர்களுக்கு, ஆண்டுக்கு 436 ரூபாயில் 2 லட்சம் ரூபாய்க்குப் பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு இருக்கிறது. ஆனால் சேர்ந்த முதல் 30 நாட்களில் விபத்து மரணத்துக்கு மட்டுமே பணம் கிடைக்கும் என்பதால், அதையும் கடைசி மாதம் வரை ஒத்திப்போட வேண்டாம்.

ஆம்புட்ஸ்மேனிடம் கொடுத்த மனுவுடன், படிவத்தின் தேதிக்கு முன்பே எடுத்த ஸ்கேன் அறிக்கைகளையும், கர்ப்பப் பதிவு அட்டையின் நகலையும், தங்கையின் கைப்பேசி எண் அவள் பெயரிலேயே பல ஆண்டுகளாக இருப்பதற்கான சான்றையும் இணைத்திருக்கிறோம். அழைப்பில் பேசிய பெண்ணின் குரல் பதிவைக் கொடுக்கும்படியும் கேட்டிருக்கிறோம். நிறுவனம் இன்னும் கொடுக்கவில்லை.