பாண்டியில் 'ஃபோர் ஸ்டார்' என்று விற்கிற பழைய சின்ன கார்கள்: ஏர்பேக்கைப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்

புதுச்சேரியில் ஒரு யூஸ்டு கார் யார்டு. கிராஷ் டெஸ்டில் (மோதல் பாதுகாப்புச் சோதனை) 4 ஸ்டார் வாங்கியதாகக் காட்டும் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, கடலூர் குடும்பம் ஒன்றுக்கு 2019 மாடல் சின்ன காரைத் தள்ளிவிட்டிருக்கிறார்கள். பிறகு ஏசி ப்ளோயர் சத்தத்துக்காக மஞ்சக்குப்பத்தில் கிளவ் பாக்ஸைக் கழற்றினால், மேலே பாசஞ்சர் ஏர்பேக் இருக்க வேண்டிய இடம் காலி. மஞ்சள் கனெக்டரில் ஒரு ரெசிஸ்டர் (மின்தடை தரும் சின்ன பாகம்) மட்டும் தொங்குகிறது. கேட்டதற்கு யார்டு சொன்ன பதில்: "லைட் எரியலையே சார்!"

லைட் எரியாது. ஏர்பேக்கைக் கட்டுப்படுத்தும் கணினியான ஏர்பேக் மாட்யூல் அந்த சர்க்யூட்டின் ரெசிஸ்டன்ஸைத்தான் (மின்தடை) பார்க்கிறது. அது சுமார் 2 ஓம். அதே அளவுக்கு ஒரு ரெசிஸ்டரைச் சொருகினால் ஏர்பேக் இருப்பதாகவே நம்பிவிடும். ஸ்கேனரிலும் ஃபால்ட் வராது. எஞ்சினை மட்டும் படிக்கும் மலிவு ஓபிடி கருவிக்கு (காரில் சொருகிப் பழுதைப் படிப்பது) இதெல்லாம் தெரியவே தெரியாது.

சாவியை ஆன் வரை மட்டும் திருப்புங்கள். ஏர்பேக் லைட் எரிந்து, சில நொடியில் தானே அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் பல்பைப் பிடுங்கியிருக்கலாம். எஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் ஆயில் லைட்டோடு சேர்ந்து அணைந்தால், இரண்டின் வயரையும் ஒன்றாக முடிச்சுப் போட்டிருக்கலாம். ஸ்டீயரிங் நடு மூடியின் நிறமும் இடைவெளியும் ஒத்துப்போகிறதா பாருங்கள். சீட் பெல்ட்டை முழுக்க இழுத்து, அடியில் உள்ள லேபிளில் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். காரின் வருடத்தைவிடப் புதிதாக இருந்தால் பெல்ட் மாற்றப்பட்டிருக்கிறது, ஏன் என்று கேளுங்கள். இழுத்த பெல்ட் பாதியில் நின்றால் மோதலில் பெல்ட்டை இறுக்கும் ப்ரீடென்ஷனர் வெடித்திருக்க வாய்ப்பு அதிகம். பழைய இன்சூரன்ஸ் பாலிசியில் நோ கிளைம் போனஸ் (கிளைம் இல்லாத வருடத்துக்கான தள்ளுபடி) திடீரென்று பூஜ்யமாகியிருந்தால் அதையும் விடாதீர்கள். ஏர்பேக் வயரில் மல்டிமீட்டரை மட்டும் வைக்காதீர்கள், வெடிக்கலாம். கம்பெனி சர்வீஸ் சென்டரில் கிளவ் பாக்ஸைக் கழற்றச் சொல்வதே நல்லது.

அந்த ஸ்டார் படத்திலும் ஒரு வித்தை உண்டு. கார்களை மோதிச் சோதித்து ஸ்டார் தரும் குளோபல் என்கேப் அமைப்பில் ஹோண்டா அமேஸ் 2019-ல் பெரியவர் பாதுகாப்புக்கு 4 ஸ்டார் வாங்கியது. 2024-ல் அதே பெயருக்கு 2 ஸ்டார், குழந்தைகள் பாதுகாப்புக்குப் பூஜ்யம். காரணம், 2022 நடுவில் விதி இறுகியது: அதுவரை 64 கிமீ வேக முன்மோதல்தான் பெரும்பாலும் கணக்கு, பிறகு பக்கமோதல், ஈஎஸ்சி (கார் சறுக்காமல் காக்கும் அமைப்பு), பாதசாரி பாதுகாப்பு எல்லாம் சேர்ந்தன. ஆகவே படத்தில் தேதி, ஏர்பேக் எண்ணிக்கை இரண்டையும் பாருங்கள். தேதியை வெட்டி அனுப்பினால் அந்த யார்டு பக்கமே போகாதீர்கள்.

ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் எண்ணில் புகார் சொல்லலாம். கார் பாண்டியில் வாங்கியது என்பதற்காக வழக்குக்கு அங்கே அலைய வேண்டியதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம். 2 ஆண்டுக்குள் போட வேண்டும், காருக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வாட்ஸ்அப் படத்தை அழிக்காதீர்கள், ரெசிஸ்டரைக் கழற்றும் முன் வீடியோ எடுத்துவிடுங்கள்.