ரூ.12,500 போயிற்று: ஆன்லைன் கிட்டார் வகுப்பில் சேரும் முன் படியுங்கள்

பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்! குன்னூரில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிற எனக்கு அது லேசான தொகை அல்ல. பெயர் வேண்டாம், ஃபோனைத் திறந்தாலே விளம்பரத்தில் வந்து நிற்கிற இசைப் பயிற்சித் தளங்களில் ஒன்று. அமெரிக்க ராக் கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸின் லீட் வாசிப்பை, அதாவது பாட்டில் தனித்து ஒலிக்கும் மெட்டை, தனி ஆசிரியர் நேரடியாகக் கற்றுத் தருவாராம். கோவைக்கு மலையிறங்கிப் போய் வந்தால் ஒரு நாள் முழுதும் போய்விடும் என்பதால் இதில் சேர்ந்தேன்.

அந்த இலவச மாதிரி வகுப்புதான் நம்ப வைத்தது. வந்தவர் உண்மையிலேயே விஷயம் தெரிந்தவர். ஸ்வரத்தை உயர்த்த, மூன்றாம் தந்தியை மோதிர விரலால் மட்டும் தள்ளிக்கொண்டிருந்தேன். “பின்னால் இருக்கும் இரண்டு விரல்களையும் சேர்த்துத் தள்ளுங்கள், மணிக்கட்டைத் திருப்புங்கள்” என்றார். எப்போதும் முக்கால்வாசியில் நின்றுவிடும் ஸ்வரம் சரியான இடத்தில் போய் உட்கார்ந்தது. ஹென்ட்ரிக்ஸ் கட்டைவிரலைக் கிட்டாரின் கழுத்துக்கு மேலே வளைத்து ஆறாம் தந்தியை அழுத்தும் விதத்தையும் காட்டினார். அழைப்பு முடிந்த கையோடு பணத்தை அனுப்பினேன்.

அதோடு சரி, ஆள் காணவில்லை. வந்தவை சி, ஜி என்று புதிதாகக் கற்பவர்களுக்கான கார்டுகளை (பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கும் பிடிகள்) சொல்லித்தரும் பழைய வீடியோக்களும், ஹென்ட்ரிக்ஸின் ‘லிட்டில் விங்’ பாட்டுக்கான டேப் தாளும் (எந்தத் தந்தியை எங்கே அழுத்துவது என்று எண்களில் காட்டும் தாள்). 1967இல் வெளிவந்த அந்தப் பாட்டில் கிட்டார் அரை ஸ்டெப் (கிட்டாரில் ஒரு கட்டம் அளவு) இறக்கி ட்யூன் செய்யப்பட்டிருக்கிறது. தாளில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. வழக்கமான ட்யூனிங்கில் ரெக்கார்டோடு சேர்ந்து வாசித்தால் ஒவ்வொரு ஸ்வரமும் அரை ஸ்டெப் மேலே நின்று பல்லைக் கூச வைக்கிறது. கேட்டால், “உங்களுக்கு ட்யூன் செய்யத் தெரியவில்லை சார்” என்கிறார்கள்!

நேரடி வகுப்பு எங்கே என்றால், “மலைப்பகுதியில் சிக்னல் இருக்காதே சார்.” பணம் வாங்கும்போது மட்டும் இருந்ததா? பிறகு ஆசிரியர் வெளியூர், பிறகு வேறு பிரிவுக்குப் பேசுங்கள். கடைசியில், ஒரு வீடியோவைத் திறந்துவிட்டால் பணம் திரும்பாதாம். 12,500 ரூபாய்க்கு இதுதான் பதில்.

சேரப் போகிறவர்களுக்கு விரிவாக எழுத நினைத்தேன், ஆத்திரத்தில் முடியவில்லை. மாதிரி வகுப்பு எடுத்தவரே கடைசிவரை எடுப்பார் என்று எழுத்தில் வாங்குங்கள். மொத்தமாகக் கட்டாதீர்கள். பேசியதையெல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நான் புகார் பதிந்துவிட்டேன்.

இன்று காலை அவர்களிடமிருந்து செய்தி வந்திருக்கிறது: அடுத்த நிலை வகுப்பில் சேர்ந்தால் தள்ளுபடியாம்.